வீட்டு லைனா, கடை லைனா?

போன மாதம் எங்கள் நண்பன் ஒருவனின் அக்கா வீட்டில் இணையம் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. துறைமுகத்துக்குக் கிட்ட, பழைய ஓட்டு வீடு. முன் விறாந்தையில் அக்கா ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறா. பதினாலு பிள்ளைகள். மழைக்கு வரமுடியாத பிள்ளைகளுக்கும் மூதூர்ப் பக்கம் இருக்கிற இரண்டு பேருக்கும் சூமில் வகுப்பு. மதிலில் ஒரு சின்னப் பலகை, அதில் பாடத்தின் பெயரும் வீட்டுப் போன் நம்பரும். அவ்வளவுதான் அந்த "நிறுவனம்".

திருத்த வந்த தம்பி நல்ல பிள்ளை. வயரை மாற்றினார், தேத்தண்ணி குடித்தார், கேற்றடியில் நின்று பலகையை வாசித்தார். "அக்கா, இதை பிஸ்னஸ் லைனா மாத்த வேண்டி வரும்" என்று சொல்லிப்போட்டுப் போனார். அடுத்த கிழமை கொம்பனியிலிருந்து அழைப்பு. வதிவிடப் பாவனைக்கு எடுத்த இணைப்பை வியாபாரத்துக்குப் பாவிக்கிறீர்கள், மாற்றாவிட்டால் துண்டிக்க நேரிடும் என்றார்கள். புதிய மாதக் கட்டணம் பழையதைவிட இரண்டு மடங்குக்குக் கிட்ட.

அக்கா சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. நாங்கள்தான் பிடித்தோம். திரும்ப அழைத்துப் பேசினது நாங்கள் நாலு பேரும், ஸ்பீக்கரில் போட்டு.

"வதிவிடப் பாவனை எண்டா என்ன?"

"வீட்டுத் தேவைக்குப் பாவிக்கிறது."

"வீட்டில இருந்து படிப்பிச்சா?"

"அது பிஸ்னஸ்."

"கொழும்புக் கொம்பனியில வேலை செய்யிற ஆள் வீட்டில இருந்து எட்டு மணித்தியாலம் லைனில இருந்தா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது வீடு."

அந்தப் பக்கம் இருந்த பிள்ளையை நாங்கள் குறை சொல்லவில்லை. அவருக்கும் அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கில் சம்பளம் எடுக்கிற மென்பொருள் பொறியியலாளரின் எட்டு மணித்தியாலம் "வீடு". பிள்ளைக்கு மாதம் சில நூறு ரூபாய் வாங்குகிற அக்காவின் இரண்டு மணித்தியாலம் "வியாபாரம்". முதலாவது ஆளுக்குச் சம்பளம் வேறெங்கிருந்தோ வருகிறது, இரண்டாவது ஆள் தன் சம்பளத்தைத் தானே உண்டாக்குகிறா. வயருக்குள் போகிற தரவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அக்கா கையெழுத்திட்ட படிவத்தைத் தேடி எடுத்தோம். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், வதிவிடத் தேவைக்கு மட்டும் என்று ஒரு வரி இருந்தது. வதிவிடம் என்றால் என்ன என்று அந்தப் படிவத்தில் எங்கேயும் இல்லை. 1987 இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. திருகோணமலையில் ஒரு கணித ரீச்சர் தன் வீட்டுப் போனுக்குக் கையெழுத்திடுகிற தாளில் அதற்கு இடமில்லை. இது வேறு சண்டை, இன்னொரு நாளைக்கு.

எங்கள் ஊர் வீடுகளை ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். திருக்கடலூரில் மீன் ஏலம் போகிற விலையை கொழும்புக்குச் சொல்லுகிற போன் எங்கே இருக்கிறது? குசினி மேசையில். உப்புவெளியில் இரண்டு அறையை வெள்ளைக்காரருக்கு விடுகிற வீட்டில் முன்பதிவு பார்க்கிறது மகள், அதே லைனில் அவளுடைய ஏ.எல். பாடமும் ஓடுகிறது. பாலையூற்றில் ரவிக்கை தைக்கிற அக்காமார், விடியக்காலை இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர்கள், கிண்ணியாவில் வீட்டிலிருந்து துணி விற்கிற சகோதரிகள். ஓடர் எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. இவர்களின் வீடு எங்கே முடிகிறது, கடை எங்கே தொடங்குகிறது? யாரிடமும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

இது புதிசும் இல்லை. எங்கள் அம்மாமார் சொல்லுகிற கதை ஒன்று உண்டு. யுத்த காலத்தில் ஒரு ஒழுங்கையில் ஒரு வீட்டில்தான் போன் இருக்கும். கனடாவிலிருந்து, லண்டனிலிருந்து, சவூதியிலிருந்து அழைப்பு வரும். "பத்து நிமிஷத்தில திருப்பி எடுங்கோ" என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளை ஓடிப்போய் நாலாம் வீட்டு மாமியைக் கூட்டிக்கொண்டு வரும். சில வீடுகளில் அதற்குக் காசு வாங்கினார்கள், சில வீடுகளில் வாங்கவில்லை, சில வீடுகளில் காசுக்குப் பதிலாக முட்டை. ஒரு ஒழுங்கைக்கே தபால் கந்தோராக இருந்த அந்த லைன் வதிவிட லைனா, வியாபார லைனா? பிறகு சந்திக்குச் சந்தி "கொமினிகேஷன்" வந்தது, பலகையும் வந்தது, அப்போதுதான் போன் வீட்டை விட்டுக் கடைக்குப் போனது. இப்போது திரும்ப வீட்டுக்கே வந்துவிட்டது.

அப்படியென்றால் இந்தப் பிரிப்பு எங்கிருந்து வந்தது? இதை வாசித்துப் பார்த்தபோது எங்களுக்கே ஆச்சரியம், ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்திருக்கிறது. செப்புக் கம்பியும் எக்ஸ்சேஞ்சும் இருந்த காலத்தில் தொலைபேசி வலையமைப்பை உச்ச நேரத்துக்கு ஏற்றமாதிரித்தான் கட்டவேண்டும். அந்த உச்சம் கந்தோர் நேரம், காலை பத்து மணி, பதினொரு மணி. கொம்பனிகள் ஒரே நேரத்தில் அழைக்கிறதால்தான் பெரிய எக்ஸ்சேஞ்ச் தேவைப்பட்டது. வீட்டுக்காரர் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கதைத்தார்கள். ஆகவே கொம்பனியிடம் கூட வாங்கி வீட்டுக்குக் குறைத்துக் கொடுத்தால் எல்லா வீட்டுக்கும் போன் போகும் என்றார்கள். அமெரிக்காவில் பெல் கொம்பனிகள் பல பத்தாண்டுகள் இப்படித்தான் நடத்தின. அங்கே மாநிலங்களின் கட்டண விதிகளில் ஒரு லைன் எது என்று பார்க்க அடையாளங்கள் எழுதப்பட்டிருந்தன: இடம் கடையா வீடா, நம்பரை வியாபாரப் பெயரில் டிரெக்டரியில் போட்டிருக்கிறதா, பெரும்பாலான பாவனை தொழிலுக்கா என்று. மஞ்சள் பக்கத்தில் விளம்பரம் போட்டால் பிடிபட்டீர்கள். எங்கள் அக்காவின் மதில் பலகைதான் அந்த மஞ்சள் பக்கம்.

ஆனால் அதே அமெரிக்காவில் இன்னொரு சங்கதி நடந்தது. 1984 இல் பெல் குழுமம் உடைக்கப்பட்ட பிறகு, ஒவ்வொரு லைனுக்கும் மாதம் மாதம் ஒரு தொகை அறவிட மத்திய ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வழிசெய்தது. 1989 இல் அதன் உச்சவரம்பு வீடுகளுக்கு 3.50 டொலர், பல லைன் வைத்திருக்கிற வியாபாரத்துக்கு 6 டொலர். ஒரே ஒரு லைன் மட்டும் வைத்திருக்கிற வியாபாரத்துக்கு? 3.50 டொலர், வீட்டோடு சேர்த்து. அதாவது பலகை தொங்குகிறதா என்று பார்க்கவில்லை, எத்தனை லைன் என்று எண்ணிப் பார்த்தார்கள். முப்பத்தைந்து வருசத்துக்கு முதலே ஒரு ஒழுங்குபடுத்துநர் கண்ட இந்தச் சின்ன நியாயம்தான் எங்களுக்கு இப்போது வேண்டியது.

அந்தப் பழைய உச்ச நேரக் கதையும் இன்று தலைகீழ். இணையத்தின் நெருக்கடி எப்போது என்று நாங்கள் சொல்லித்தரத் தேவையில்லை. இரவு எட்டு மணிக்கு ஒரு யூடியூப் வீடியோ சுற்றிக்கொண்டு நிற்கிறதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எல்லா வீட்டிலும் நாடகமும் கிரிக்கெட்டும் ஓடுகிற நேரம். அக்காவின் வகுப்பு பின்னேரம் மூன்று மணிக்கு. தையல் அக்காவின் ஓடர் காலையில். வலையமைப்பு சும்மா கிடக்கிற நேரத்தில் பாவிக்கிறவரிடம் இரண்டு மடங்கு, நெருக்குகிற நேரத்தில் பாவிக்கிறவரிடம் ஒரு மடங்கு. பழைய நியாயம் செத்துப் போய்விட்டது, அதன் பில் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

மின்சாரத்தில் எப்படி என்று கேட்பீர்கள். அங்கேயும் பிரிப்பு இருக்கிறது. வீட்டுப் பாவனை ஒரு வகை, மதத் தலங்களும் தரும நிறுவனங்களும் ஒரு வகை, பொதுத் தேவை, கைத்தொழில், ஹோட்டல் என்று வேறு வேறு வகைகள். கடை, கந்தோர், வங்கி, ஆஸ்பத்திரி, கல்வி நிலையம் எல்லாம் பொதுத் தேவைக்குள் வரும் என்று கட்டண அறிவித்தலிலேயே எழுதியிருக்கிறது. நாங்கள் அந்த வகைப்படுத்தலைப் புகழவில்லை. கடையை முன்னுக்கும் குடும்பத்தைப் பின்னுக்கும் வைத்திருக்கிற வீடுகளில் சுவரில் இரண்டு மீற்றர் தொங்குகிறதை டவுனுக்குள் நடந்தாலே காணலாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டணத்தை மாற்றுவதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்கிறது, மாகாணங்களுக்கும் வந்து கேட்கிறது. 2022 ஓகஸ்ட்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறினபோது கத்தினோம், எரிச்சல்பட்டோம், ஆனால் எந்த வகைக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் பார்த்துக் கத்தினோம். போன் விசயத்தில் கத்துவதற்குக்கூட எங்கள் கையில் ஒரு தாள் இல்லை, ஸ்பீக்கரில் ஒரு பிள்ளையின் குரல் மட்டும்.

அந்தத் தாளைத் தரவேண்டிய இடம் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், 1996 இல் அதைத் திருத்தி உருவான ஆணைக்குழு. கட்டணம், தரம் இரண்டிலும் பாவனையாளரின் நலனைப் பாதுகாப்பது அதன் நோக்கங்களில் ஒன்று என்று சட்டமே சொல்கிறது. கொம்பனிகளின் கட்டணத்துக்கு அனுமதி கொடுப்பதும் அதுதான். 2024 இல் சட்டத்தை மறுபடியும் திருத்தினார்கள். கட்டணத்துக்கு அனுமதி கொடுக்கிற கைக்கு, அந்தக் கட்டணம் யாருக்கு என்று வரையறுத்து எழுதுகிறதும் முடியும்.

இன்னொரு பக்கம், பொக்கற்றில் இருக்கிற போனைப் பாருங்கள். ஒரு சிம் எடுக்கிறோம், அடையாள அட்டையைக் காட்டுகிறோம், ரீலோட் போடுகிறோம். ஓட்டோ அண்ணா அதில்தான் ஹயர் எடுக்கிறார். மீன் முதலாளி அதில்தான் கோடிக்கு வியாபாரம் பேசுகிறார். இது வீட்டுச் சிம்மா கடைச் சிம்மா என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை. அப்படிக் கேட்காததால் மொபைல் கொம்பனி ஒன்றும் மூடிப் போகவில்லை. சுவரில் பூட்டின வயருக்கு மட்டும் ஏன் இந்த விசாரணை? வயர் எங்கே போகிறது என்று தெரியும், ஆள் ஓடமாட்டார் என்று தெரியும். வேறு காரணம் எங்களுக்குப் படவில்லை.

வரியையும் சொல்லிவிடுவோம், ஏனென்றால் இதை யாரும் கணக்கில் எடுக்கிறதில்லை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். வற் வரிக்குப் பதிந்து, வரிக்குரிய வியாபாரம் செய்கிற கொம்பனி, தொழிலுக்கான போன் பில்லில் கட்டின வற்றைத் தான் அரசுக்குக் கட்டவேண்டிய வற்றில் கழித்துக்கொள்ளலாம். பதிவு எல்லைக்குக் கிட்டவும் வராத அக்கா எதையும் கழிக்க முடியாது. முழு வரியும் அவவின் கையால். வியாபாரம் என்று பெயர் வைக்கும்போது கட்டணம் மட்டும் வருகிறது, வியாபாரத்துக்குரிய சலுகை வருகிறதில்லை. பெரிய கொம்பனிக்கு வியாபார லைன் ஒரு செலவுக் கணக்கு. இங்கே அது மாதக் கடைசியில் மா வாங்குகிறதா விடுகிறதா என்கிற கணக்கு.

எங்களுக்குள்ளேயே ஒருத்தன் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவன் சொன்னது: "மச்சான், நிலாவெளிப் பக்கம் பதினைஞ்சு அறை வைச்சிருக்கிற ஆள் வீட்டுப் பக்கேஜ் ஒண்டை எடுத்து அறைக்கு அறை வைஃபை குடுக்கிறான். பக்கத்து வீட்டுக்காரனுக்கு லைன் இழுக்குது. அவனையும் அக்காவையும் ஒண்டா வைப்பியா?" நியாயமான கேள்வி. இரண்டு நாள் இதையே கதைத்தோம். எல்லோரையும் ஒரே கட்டணத்தில் போட்டால், கொம்பனிகள் வீட்டுக் கட்டணத்தை ஏற்றி அதைச் சரிக்கட்டும் என்ற பயமும் பொய்யான பயம் இல்லை. அப்படி ஏறினால் தொழில் எதுவும் செய்யாத, பென்சனில் இருக்கிற கிழவர் ஒருத்தர் அக்காவுக்காகக் கட்டவேண்டி வரும்.

ஆனால் அவன் சொன்ன ஹோட்டல்காரரின் குற்றம் என்ன? காசு சம்பாதிக்கிறது இல்லை. ஒரு வீட்டுக்கென்று விற்ற அளவை பதினைந்து அறைக்குப் பிரிக்கிறது. அதை அளக்கலாம். எவ்வளவு தரவு, எந்த நேரம், எத்தனை இணைப்பு என்பது கொம்பனியின் கணனியில் ஏற்கெனவே இருக்கிறது. அளவு கூடினால் கூடின பக்கேஜ். அதற்கு மதிலை எட்டிப் பார்க்கத் தேவையில்லை.

வியாபார லைன் என்று ஒன்று இருக்கவே கூடாது என்றும் நாங்கள் சொல்லவில்லை. வங்கிக்கு லைன் விழுந்தால் இரண்டு மணித்தியாலத்தில் ஆள் வரவேணும். சீனக்குடாவில் இருக்கிற ஆலைகளுக்கு மாறாத ஐ.பி. முகவரி வேணும், பத்து உள்லைன் வேணும். அதற்குக் கூடின விலை சரி. அது அவர்கள் கேட்டு வாங்குகிற சேவை. அக்காவுக்கு என்ன கிடைக்கும்? அதே வயர், அதே வேகம், லைன் விழுந்தால் அதே இரண்டு நாள் காத்திருப்பு. கேட்டுப் பார்த்தோம், திருத்துகிற நேரம் குறையும் என்று எழுத்தில் தரமுடியுமா என்று. தரமுடியாதாம். அப்போ இது சேவைக்கான விலை இல்லை, பலகைக்கான அபராதம்.

ஆகவே நாங்கள் ஆணைக்குழுவிடம் கேட்கிறது பெரிய விசயம் இல்லை. ஒருத்தர் குடியிருக்கிற வீட்டில், ஒரேயொரு இணைப்பு இருந்தால், அதில் அவர் படிப்பித்தாலும் தைத்தாலும் மீன் விற்றாலும் அது வதிவிட இணைப்புத்தான் என்று எழுதுங்கள். வியாபார இணைப்பு என்பது பாவனையாளர் கேட்டு வாங்குகிற ஒன்றாக இருக்கட்டும், அதில் என்ன கூடுதலாகத் தருகிறோம் என்று கொம்பனி எழுத்தில் சொல்லட்டும். வகையை மாற்ற நினைத்தால் முதலில் கடிதம் வரவேணும், தமிழிலும். மறுப்புச் சொல்ல நாள் வேணும், அந்த நாள் முடியும்வரை துண்டிக்கக் கூடாது. திருத்த வருகிற தம்பியின் வேலை வயர் பார்க்கிறது. அவரை உளவு பார்க்க வைக்கிறது அவருக்கும் அவமானம்.

இதை விறாந்தை வகுப்பின் கதை என்று மட்டும் நினைக்கவேண்டாம். 2020 இல் ஊரடங்கு போட்டபோது இதே கொம்பனிகள் வீட்டிலிருந்து வேலை செய்யப் பக்கேஜ், வீட்டிலிருந்து படிக்கப் பக்கேஜ் என்று விளம்பரம் போட்டார்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒன்லைன் வகுப்புக்கான தரவை இலவசமாகக் கொடுத்தார்கள். எங்களில் இரண்டு பேர் அப்படித்தான் முதலாம் வருசத்தை முடித்தோம். வீட்டுக்குள் வேலை நடக்கும், வீட்டுக்குள் வகுப்பு நடக்கும் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நோய் போனதோடு அதுவும் மறந்துபோயிற்று போல.

கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறோம், தமிழில். ஆங்கிலத்தில் எழுதினால் கெதியாப் பதில் வரும் என்று இரண்டு பேர் சொன்னார்கள், கேட்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள், அடுத்த கடிதத்தில் சேர்த்து அனுப்புவோம். பெயர் போடமாட்டோம்.

அக்கா பொறுத்திருக்கவில்லை. பலகையைக் கழற்றி உள்ளே அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டா. பழைய பிள்ளைகளுக்கு வீடு தெரியும். புதிதாய் வருகிற பிள்ளைகளின் தாய்மார் வழி தெரியாமல் சந்தியில் நின்று போன் எடுக்கிறார்கள், அந்த வீட்டு லைனுக்குத்தான்.